வெரோனாவின் தந்தையர்

‘ரோமியோ ஜூலியட்’ நாடகம் முடியச் சுமார் பதினைந்து வரிகள் இருக்கும்போது, கல்லறை வாசலில் நிற்கும் முதியவர் காப்யுலெட், தன் பரம எதிரி மாண்டேக்கைச் சகோதரன் என்று அழைத்துக் கையைக் கொடுக்கச் சொல்கிறார். மாண்டேக்கும் கொடுக்கிறார். நிபந்தனை எதுவும் பேசப்படவில்லை. பழைய கணக்கை யாரும் கிளறவில்லை. நடுவில் ஆள் வைத்துப் பேசவேண்டிய அவசியமும் வரவில்லை. வெரோனாவின் தெருக்களில் ரத்தம் சிந்தவைத்த பழம்பகை ஒரு மூச்சில் முடிந்துபோகிறது. அதற்குள் ஆறு உயிர்கள் போய்விட்டன. மெர்குஷியோ, டிபால்ட், பாரிஸ், ரோமியோ, ஜூலியட். மகன் நாடுகடத்தப்பட்ட துயரம் தாங்காமல் அன்றிரவே வீட்டில் இறந்துபோன ரோமியோவின் தாய்.

இவ்வளவு எளிதாக முடியக்கூடிய பகை ஏன் நான்கு நாள் முன்பு முடியவில்லை? இந்தக் கேள்வியைத் தந்தையர் இருவரிடமும் நேராகக் கேட்ட விமர்சகர்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. விதி, காதலரின் அவசரம், லாரன்ஸ் துறவியின் குருட்டுத் திட்டம், போய்ச்சேராத கடிதம், ஆணாதிக்கச் சமூகம் என்று பழி ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை மட்டும் அது லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்திருக்கிறது. அந்தப் பழி எந்தெந்தக் காலத்தில் யார் யார்மேல் இறங்கியது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், குடும்பப் பகையில் பெற்றோரின் பொறுப்பை ஐரோப்பிய இலக்கியம் எப்படி எண்ணிவந்திருக்கிறது என்பதும் தெரியவரும்.

இந்தக் கதையின் மிகப் பழைய அச்சு வடிவங்களில் ஒன்றில் பகையே கிடையாது. 1476இல் வெளியான மசூச்சோ சலெர்னித்தானோவின் ‘நொவெல்லீனோ’ தொகுப்பின் 33ஆம் கதையில் சியேனா நகரத்து மரியோத்தோவும் கனோட்சாவும் ஒரு துறவியின் உதவியோடு ரகசியமாக மணந்துகொள்கிறார்கள். அவன் ஒருவனைக் கொன்றுவிட்டு அலெக்சாண்டிரியாவுக்கு ஓடுகிறான். அவளுக்குத் தந்தை வேறு மாப்பிள்ளை பார்க்கிறார். உறக்க மருந்து, தவறிப்போன செய்தி எல்லாம் இருக்கின்றன. இரு குடும்பங்களின் விரோதம் மட்டும் இல்லை. அது இல்லாமலேயே கதை நடக்கிறது. ஆனால் ஒரு துரதிர்ஷ்டத்தின் கதையாக நின்றுவிடுகிறது. கேட்பவர் இரக்கப்படலாம், கோபப்பட ஆளில்லை.

பகையைக் கொண்டுவந்தவர் விச்சென்சாவைச் சேர்ந்த போர்வீரர் லூயிஜி த போர்த்தோ. 1529இல் அவர் இறந்தபின், 1530ஐ ஒட்டி அச்சான அவருடைய கதைதான் நிகழ்களத்தை வெரோனாவுக்கு மாற்றியது. மொந்தேக்கி, கப்பெல்லெத்தி என்ற பெயர்களையும் இட்டது. இரண்டு பெயர்களும் தாந்தேயின் ‘புர்கத்தோரியோ’ ஆறாம் காண்டத்தில் சேர்ந்து வருகின்றன. அங்கே அவை இத்தாலியைச் சிதைத்த அரசியல் கட்சிகளுக்கு எடுத்துக்காட்டுகள். ஒரே ஊரில் பக்கத்து வீட்டு எதிரிகளாக அவர்களை ஆக்கியது பின்னால் வந்த கற்பனை.

த போர்த்தோவுக்குப் பகை புத்தகத்தில் படித்த பொருள் அல்ல. அவருடைய தாய்வழி உறவினரான சவொர்ன்யான் குடும்பம் வடகிழக்கு இத்தாலியின் பிரியுலி பகுதியில் நீண்டகாலப் பகையில் ஊறியது. 1511 பிப்ரவரியில், தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்டத்தின்போது, ஊதினே நகரில் அந்தப் பகை பெரும் படுகொலையாக வெடித்தது. ஒரு தரப்பை வழிநடத்திய அந்தோனியோ சவொர்ன்யான் த போர்த்தோவின் மாமன். மறு ஆண்டே வில்லாக் நகரில் பழிதீர்ப்பாகக் கொல்லப்பட்டார். 1511லேயே போரில் காயம்பட்ட த போர்த்தோ அதன்பின் எழுத்துக்கு வந்தவர். வரலாற்றாளர் எட்வர்ட் மியூர் 1993இல் இந்தப் படுகொலையைப் பற்றி விரிவான நூல் எழுதியபோது, தலைப்பை ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். பொருத்தமான தேர்வு.

த போர்த்தோ பகையை வருணிக்கும் விதத்தில்தான் எனக்கு அக்கறை. கதை தொடங்கும்போது அந்தப் பகை கொதித்துக்கொண்டிருக்கவில்லை. சலித்து, அடங்கி, இரு தரப்பு ஆட்களும் ஒருவரோடொருவர் பேசும் அளவுக்கு வந்துவிட்டிருக்கிறது. ஆனால் சமாதானம் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிக்கவில்லை. இந்த நுட்பம் ஷேக்ஸ்பியர் வரை உயிரோடு வந்து சேர்கிறது. அடங்கிய பகைக்கும் முடித்த பகைக்கும் உள்ள தூரத்தில்தான் இந்தப் பிள்ளைகள் இறக்கிறார்கள்.

மத்தேயோ பந்தெல்லோ 1554இல் கதையை விரித்து எழுதினார். 1559இல் பியேர் புவாத்துவோ அதைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டு தற்செயலானதல்ல என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்குச் சற்று முன்புதான் மன்னர் இரண்டாம் ஹென்றி ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். பெற்றோர் சம்மதமின்றி மணம்புரியும் 30 வயதுக்குட்பட்ட மகனையும் 25 வயதுக்குட்பட்ட மகளையும் சொத்திலிருந்து விலக்கப் பெற்றோருக்கு அது உரிமை தந்தது. 1563இல் திரெந்து சங்கம் பாதிரியாரும் சாட்சிகளும் இல்லாத ரகசிய மணங்களைச் செல்லாதவை ஆக்கியது. ஆனால் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்க மறுத்துவிட்டது. பிள்ளையின் வாக்கா, தந்தையின் அதிகாரமா என்று அரசும் திருச்சபையும் இழுபறியில் இருந்த ஆண்டுகளில் இந்தக் கதை நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் 1562இல் ஆர்தர் ப்ரூக் அதை மூவாயிரத்துச் சொச்சம் வரிகளில் கவிதையாக்கினார். வாசகருக்கு அவர் எழுதிய முன்னுரையில் தீர்ப்பு வெளிப்படையாக இருக்கிறது: பெற்றோரின் சொல்லையும் நலம்விரும்பிகளின் அறிவுரையையும் புறக்கணித்து, வம்புக்காரிகளோடும் துறவிகளோடும் கலந்து, இச்சைக்கு அடிமையாகி அழிந்தவர்கள் இந்தக் காதலர்கள். பழி முழுக்கப் பிள்ளைகள் தலையில். ஆனால் கவிதைக்குள் நுழைந்ததும் ப்ரூக்கால் அந்தக் கடுமையைத் தக்கவைக்க முடியவில்லை. காதலர்மேல் அவருக்கே பரிவு சுரக்கிறது. துறவியை நல்லவராகக் காட்டுகிறார். முன்னுரை எழுதிய கையும் கவிதை எழுதிய கையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் பலரும் சுட்டியிருக்கிறார்கள். முன்னுரையைவிடக் கவிதையையே ஷேக்ஸ்பியர் நம்பினார்.

நாடகம் எழுதப்பட்ட 1595ஐ ஒட்டிய காலத்தில் பகை என்பது இங்கிலாந்துக்கு இத்தாலியக் கதைச் சரக்கு மட்டுமல்ல. வில்ட்ஷர் மாவட்டத்தில் டான்வர்ஸ், லாங் என்ற இரு நிலக்கிழார் குடும்பங்களின் சச்சரவு வேலைக்காரர்களின் அடிதடி வழியாக வளர்ந்து, 1594 அக்டோபரில் ஹென்றி லாங்கின் கொலையில் முடிந்தது. கொன்ற டான்வர்ஸ் சகோதரர்கள் நாட்டைவிட்டுத் தப்பிக்க உதவியவர் சவுத்தாம்ப்டன் பிரபு. அதே ஆண்டில் ஷேக்ஸ்பியர் தம் நெடுங்கவிதை ஒன்றைக் காணிக்கையாக்கியதும் அவருக்குத்தான். நாடகம் வேலைக்காரர்களின் வாய்ச்சண்டையில் தொடங்குவதைப் பார்த்த அன்றைய லண்டன்வாசிகளில் சிலருக்காவது இந்தக் கொலை நினைவுக்கு வந்திருக்கும்.

ஷேக்ஸ்பியர் செய்த மாற்றங்களை எல்லோரும் பட்டியலிடுவார்கள். ப்ரூக்கில் பல மாதங்கள் நீளும் கதை இங்கே ஞாயிறு முதல் வியாழன் விடியற்காலை வரை. ப்ரூக்கில் பதினாறை நெருங்கும் ஜூலியட்டுக்கு இங்கே பதினான்குகூட நிரம்பவில்லை. இந்த வயதுக் குறைப்பைக் காதலின் வேகத்துக்கான உத்தி என்றே பெரும்பாலும் விளக்குகிறார்கள். எனக்கு அது முதலில் பெற்றோரைப் பற்றிய செய்தியாகப் படுகிறது. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி பெண் பன்னிரண்டில் மணக்கலாம் என்றாலும், நடைமுறையில் பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணந்தார்கள். பதின்மூன்று வயதுக் குழந்தை எடுக்கும் முடிவுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே பார்வையாளர் முன் வைக்கிறார்.

முதல் காட்சியிலேயே இளவரசர் எஸ்கலஸ் பேசுகிறார். ஒன்றுமில்லாத வெற்றுப் பேச்சால் மூன்று முறை நகரில் கலவரம் மூண்டதை அவர் சொல்லும்போது, இரு முதியவர்களையும் பெயர் சொல்லியே சுட்டுகிறார். இனி ஒருமுறை நடந்தால் உயிர் போகும் என்கிறார். அடுத்த காட்சியில் காப்யுலெட், மகளைப் பெண் கேட்கும் பாரிஸிடம் பேசிக்கொண்டு வருகிறார்: மாண்டேக்கும் தன்னைப்போலவே தண்டனை நிபந்தனைக்குக் கட்டுப்பட்டிருக்கிறார், நம்மைப்போன்ற கிழவர்கள் அமைதி காப்பது கடினமல்ல. நம் ஊர்க் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டு இனி வம்புதும்புக்குப் போகமாட்டோம் என்று எழுதி வாங்குவார்களே, அந்த மாதிரி ஒரு கட்டுப்பாட்டின்கீழ் இரண்டு தந்தையரும் இருக்கிறார்கள். அதாவது பொறுப்பு யாருடையது என்பதை நாடகம் தொடக்கத்திலேயே சட்டமொழியில் பதிவுசெய்துவிடுகிறது.

காப்யுலெட் அந்தக் கட்டுப்பாட்டை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதில்தான் சோகத்தின் முடிச்சு இருக்கிறது. அமைதி என்றால் தான் வாளெடுக்காமல் இருப்பது என்று நினைக்கிறார். தன் வீட்டு ஆட்களிடம் பகை முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. மனைவியின் உறவுப் பையன் டிபால்ட்டிடம் சொல்லவில்லை. மாண்டேக் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. விருந்தில் முகமூடியோடு வந்த ரோமியோவை டிபால்ட் அடையாளம் கண்டு கொதிக்கும்போது, ரோமியோ நல்ல பையன் என்று ஊரே சொல்கிறது, அவனை விடு என்று அதட்டுகிறார். நல்ல பையன் என்று ஊர் சொல்வது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது! ஆனால் அதட்டலின் காரணம் விருந்தின் மரியாதை, தன் வீட்டில் தன் சொல் நடக்க வேண்டும் என்ற வீம்பு. டிபால்ட்டின் கோபத்தை அவர் அணைக்கவில்லை, தெருவுக்கு அனுப்பிவைக்கிறார். மறுநாள் மதியம் அது தெருவில்தான் வெடிக்கிறது.

இந்தக் காப்யுலெட்டைப் பார்த்துத்தான் எச். பி. சார்ல்டன் 1939இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் ஒரு குறை சொன்னார். பகை இந்த நாடகத்தில் வலுவாக இல்லை. கிழவர்கள் நகைப்புக்குரியவர்களாக, பகையில் அலுத்தவர்களாக இருக்கிறார்கள். இப்படிப்பட்ட சோர்ந்த விரோதத்தால் சாவின் பாரத்தைத் தாங்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். கூர்ந்து பார்த்தவர் அவர், கண்டதெல்லாம் உண்மை. அவர் எட்டிய முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. கொழுந்துவிட்டெரியும் வெறுப்பில் பிள்ளைகள் செத்திருந்தால் அந்த வெறுப்பைப் பழித்துவிட்டுப் போகலாம். உள்ளுக்குள் வெறுப்பு வற்றிவிட்டது, வெளியில் முறைப்பு மட்டும் தொடர்கிறது, அதை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் நிறுத்தவில்லை என்னும்போது குற்றம் பெரிதாகிறது. அலுப்பு அவர்களைக் காப்பாற்றாது. அவர்களுக்கு எதிரான முதல் சாட்சியே அதுதான்.

தாய்மாரைப் பற்றி விமர்சனம் குறைவாகவே பேசியிருக்கிறது. மகளோடு தனியாகப் பேச வேண்டுமென்று செவிலியை வெளியே அனுப்பும் காப்யுலெட் சீமாட்டி, இரண்டு வரி போவதற்குள் அவளைத் திரும்பக் கூப்பிடுகிறாள். மகள் பிறந்த நாளை, பால் மறந்த நாளை, கீழே விழுந்த நாளைச் செவிலிதான் சொல்கிறாள். டிபால்ட் இறந்ததும் மருமகனின் ரத்தத்துக்கு மாண்டேக் ரத்தம் வேண்டும் என்று முதலில் குரல் எழுப்புவதும், மாந்துவாவுக்கு ஆளனுப்பி ரோமியோவுக்கு நஞ்சு வைக்கப் போவதாக மகளிடமே சொல்வதும் இந்தத் தாய். வியாழக்கிழமைத் திருமணத்துக்கு மறுத்த மகளைத் தந்தை தெருவில் பிச்சையெடுத்துச் சாகச் சொல்லும்போது, தாயும் இனி உன்னோடு பேச்சில்லை என்று போய்விடுகிறாள். செவிலியும் பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். ஒரே காட்சியில் மூன்று கதவுகள் சாத்தப்படுகின்றன. பகை வெளியே எவ்வளவு சோர்ந்திருந்தாலும், அதை நடத்திப் பழகிய அதிகாரம் வீட்டுக்குள் சோரவில்லை.

மாண்டேக் வீட்டின் குறை இதைவிட அமைதியானது. அதனாலேயே தப்பித்துவிடுகிறது. மகன் இரவெல்லாம் அலைகிறான், பகலில் சன்னலை மூடிக்கொண்டு கிடக்கிறான் என்று மாண்டேக் கவலைப்படுகிறார். ஆனால் ரோமியோ வருவதைப் பார்த்ததும் விசாரிக்கும் பொறுப்பைப் பென்வோலியோவிடம் விட்டுவிட்டு மனைவியோடு விலகிப் போகிறார். நாடகம் முழுக்கத் தேடினாலும் ரோமியோவும் அவன் பெற்றோரும் மேடையில் ஒரு சொல்லைக்கூடப் பரிமாறிக்கொள்வதில்லை. மகனோடு மாண்டேக் முதன்முதலாக நேரடியாகப் பேசுவது அவன் பிணத்தைப் பார்த்துத்தான். வன்மம் இல்லாத, அன்புள்ள தந்தை அவர். அவர் மகனுக்கு வேறொரு மனிதரைத் தந்தை என்று அழைக்கவேண்டிய தேவை வந்தது; லாரன்ஸ் துறவியின் அறைக்கு அவன் ஓடுவது அதனால்தான். மணத்தை ரகசியமாக முடித்துவைத்த துறவியைக் குறைசொல்பவர்கள், அந்த இரண்டு பிள்ளைகளும் ஏன் தங்கள் வீட்டுப் பெரியவர் யாரிடமும் போக முடியவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஷேக்ஸ்பியர் இப்படி நடத்தையில் காட்டியதைப் பின்வந்தவர்கள் வாய்விட்டே சொன்னார்கள். டேவிட் கேரிக் 1748இல் மேடையேற்றிய திருத்த வடிவத்தில், ரோமியோ நஞ்சருந்தியபின் சாகும் முன்பே ஜூலியட் விழித்துவிடுவாள். தாமஸ் ஆட்வே 1679இல் ரோமானிய அரசியல் கதையாக மாற்றி எழுதிய நாடகத்திலேயே இந்த உத்தி வந்துவிட்டது. கேரிக்கின் ரோமியோ, தந்தையர் நெஞ்சு கல், பிள்ளைகளின் கண்ணீர் அதைக் கரைக்காது என்ற பொருளில் புலம்பியபடி இறக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டு அரங்கு அந்தப் புலம்பலுக்கு அழுது தீர்த்தது. ஜூலியட்டின் வயதையும் கேரிக் பதினெட்டாக உயர்த்திவிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள், 1845இல் ஷார்லட் குஷ்மன் லண்டனில் ஷேக்ஸ்பியரின் பிரதியை மீட்டெடுக்கும்வரை, மக்கள் பார்த்த நாடகம் பெரும்பாலும் இதுதான். குற்றச்சாட்டு உரக்க ஒலித்தது உண்மை. ஆனால் தந்தையரைக் கல்நெஞ்சராக்கியதில் கேரிக் சிக்கலை எளிதாக்கிவிட்டார். காப்யுலெட்டின் நெஞ்சு கல் அல்ல. பாரிஸ் முதலில் பெண் கேட்டபோது, இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதமும் வேண்டும் என்று சொன்ன தந்தை அவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய விமர்சகர்கள் எதிர்த்திசையில் போனார்கள். கெர்வினுஸ் போன்றவர்களுக்கு லாரன்ஸ் துறவியின் நிதான உபதேசம்தான் நாடக ஆசிரியரின் குரல். அளவு கடந்த உணர்ச்சியே அழிவின் வேர். ப்ரூக்கின் முன்னுரை தத்துவ அங்கி போட்டுக்கொண்டு திரும்பி வந்தது எனலாம். எட்வர்ட் டவுடன் 1875இல் இதை மறுத்தார். ஆயினும் அமெரிக்கரான பிராங்க்ளின் டிக்கியின் 1957ஆம் ஆண்டு நூல்வரை இந்த வாதம் ஓயவில்லை. காதலரின் அவசரத்தை அளந்த அளவுகோலை, மகளின் திருமணத்தை வியாழக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு முன்னிழுத்த தந்தையின் அவசரத்துக்கு இவர்கள் வைக்கவில்லை. ஜூலியட் மருந்தை ஒருநாள் முந்திக் குடிக்க நேர்ந்ததும், மாந்துவாவுக்குக் கடிதம் போகக் கிடைத்த நேரம் சுருங்கியதும் அந்த முன்னிழுப்பால்தான்.

இந்த ஆய்வுத்துறையின் திசையை உண்மையில் மாற்றியவர் கொப்பேலியா கான். எழுபதுகளின் பிற்பகுதியில் வெளியான அவருடைய கட்டுரை, பகையைப் பின்னணித் திரையாகப் பார்க்காமல் நாடகத்தின் இயங்குவிசையாகவே பார்த்தது. வெரோனாவில் பையன்கள் ஆணாவதற்கான வழி, தந்தையின் பெயருக்காக வாளெடுப்பது. பெண்பிள்ளைகள் பெண்ணாவதற்கான வழி, தந்தை காட்டியவனைக் கட்டுவது. காதலர் இந்த இரண்டு வழிகளையும் விட்டுத் தாங்களே வளர்ந்தவர்களாக முயல்கிறார்கள் என்றார் கான். ரோமியோ ஒரு கணம் பழைய வழிக்குத் திரும்பி டிபால்ட்டைக் கொன்றதில் எல்லாம் சரிகிறது. மெர்குஷியோவின் சாவில் தன் ஆண்மையே கேள்விக்குள்ளானதாக அவன் வருந்தும் இடம், இந்த வாசிப்பில் புதிய பொருள் கொள்கிறது.

தொண்ணூறுகளில் டிம்ப்னா காலகன் இந்நாடகத்தில் குடும்பத் தலைவனின் அதிகாரம் அரசின் கைக்கு நகர்வதைக் கண்டார். சூசன் ஸ்னைடர் 1996இல் பகையைக் கருத்தியலின் இயக்கமாக விளக்கினார். காரணமும் உள்ளடக்கமும் இல்லாமலேயே அது ஒவ்வொருவரையும் நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று பிறப்பிலேயே நிறுத்திவிடுகிறது. பகைக்கு என்ன காரணம் என்று ஷேக்ஸ்பியர் எங்கும் சொல்லாததற்கு இதைவிடக் கூர்மையான விளக்கத்தை நான் படித்ததில்லை. இருந்தாலும் இவ்வகை வாசிப்புகளில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. எல்லாரையும் இயக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது என்று நிறுவியதும், அந்த அமைப்புக்குள் நிறுத்து என்று சொல்லக்கூடிய இருவரும் அதில் சிக்கிய பொம்மைகளாகிவிடுகிறார்கள். வேலைக்காரன் சாம்ஸனால் பகையை முடிக்க முடியாது. டிபால்ட்டாலும் முடியாது. காப்யுலெட்டால் முடியும், கடைசிக் காட்சியில் முடிக்கவும் செய்கிறார்.

பெற்றோரின் பொறுப்பைத் தயவுதாட்சண்யமின்றி எழுதிய படைப்பு வெரோனாவுக்கு வெளியே, ஸ்விட்சர்லாந்தின் வயல்வெளியில் பிறந்தது. கொட்ஃபிரீட் கெல்லரின் ‘கிராமத்து ரோமியோவும் ஜூலியட்டும்’ 1856இல் வெளியானது. லைப்சிக் அருகே ஒரு சிற்றூரில் பகைத்த இரு ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்து இறந்ததைச் சொல்லும் 1847ஆம் ஆண்டுச் செய்தித்தாள் துணுக்கு அதற்கு விதை. ஷேக்ஸ்பியர் மறைத்த காரணத்தைக் கெல்லர் நம் கண்முன் உழுது காட்டுகிறார். மான்ஸ், மார்த்தி என்ற இரண்டு நல்ல விவசாயிகள் செப்டம்பர் மாதக் காலையில் உழுகிறார்கள். இருவர் நிலத்துக்கும் நடுவே உரிமையாளன் இல்லாத ஒரு துண்டு தரிசு. அது கறுப்புப் பிடில்காரன் ஒருவனுக்கு உரியது என்று இருவருக்கும் மனசுக்குள் தெரியும். ஆனால் அவனிடம் பத்திரமில்லை, ஊர் அவனை ஏற்கவுமில்லை. உழுது முடிக்கையில் இருவரும் ஆளுக்கு ஒரு சால் அந்தத் தரிசுக்குள் ஓட்டுகிறார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கிறார், இருவரும் பேசவில்லை. அவர்களுடைய குழந்தைகள் சாலியும் வ்ரென்ஹனும் அதே தரிசில் ஒரு பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வரப்பை வெட்டிப் பக்கத்து நிலத்தைத் தின்பது எப்படி நடக்கும் என்று தெரிந்த எந்த வாசகருக்கும் இந்தப் பக்கங்களில் மூச்சடைக்கும். ஆண்டுதோறும் ஒரு சால். பிறகு தரிசு ஏலத்துக்கு வருகிறது, மான்ஸ் எடுக்கிறார். மார்த்தி ஏற்கெனவே கடித்துவைத்த முக்கோணத் துண்டைத் திருப்பிக் கேட்கிறார். அன்று தொடங்கிய வழக்கு, இருவரும் ஓட்டாண்டி ஆகும்வரை நிற்கவில்லை. மார்த்தியின் மனைவி சாகிறாள். மான்ஸ் நிலத்தை இழந்து நகரத்தில் ஓட்டைச் சத்திரம் நடத்தப் போகிறார். வேலையற்றுப்போன இருவரும் பசிக்கு ஆற்றில் தூண்டில் போடும்போது ஒரு பாலத்தில் கைகலக்கிறார்கள்; பிள்ளைகள் அவர்களைப் பிரிக்க வந்து ஒருவரையொருவர் மீண்டும் பார்க்கிறார்கள். மகளை அடிக்க வரும் மார்த்தியைத் தடுக்கச் சாலி கல்லால் அடிக்கிறான். கிழவர் புத்தி பேதலித்துப் பிழைக்கிறார். தகப்பனின் தலையில் அடித்தவனை மணக்க அந்தப் பெண்ணால் முடியாது, பிரியவும் முடியாது. ஒரே ஒருநாள் திருவிழாவில் மணமக்களைப்போல ஆடிவிட்டு, வைக்கோல் படகில் ஏறி இருவரும் ஆற்றில் இறங்குகிறார்கள்.

கெல்லர் செய்த பெரிய காரியம், பகைக்கு அடியில் ஒரு திருட்டு இருந்தது என்று காட்டியதுதான். மானம், குடும்பப் பெயர் என்ற பேச்செல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. இரண்டு தகப்பன்களும் ஒருவரையொருவர் திருடன் என்று உண்மையாகவே நம்பி வெறுக்கிறார்கள், ஏனென்றால் இருவரும் திருடியவர்கள். அவர்கள் சேர்ந்து ஏமாற்றிய பிடில்காரனே கடைசி இரவில் பிள்ளைகளுக்குத் துணையாக வாசிக்கிறான். பெற்றோரின் குற்றம் பிள்ளைகள்மீது இறங்குகிறது என்று பொதுவாகச் சொல்வதற்கும், எந்தச் சாலில் எந்தக் காலையில் அது தொடங்கியது என்று இடத்தைக் காட்டிச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் குறுநாவல் எனக்குக் கற்பித்தது. ஷேக்ஸ்பியரை அடிப்படையாகக் கொண்ட எந்த ஆக்கத்தையும்விட இதை உயர்வாக வைப்பேன்.

பழிக்குப் பழி ஒரு சட்டமாகவே நின்ற வட அல்பேனிய மலைநாட்டை இஸ்மாயில் கதரே ‘உடைந்த ஏப்ரல்’ நாவலில் எழுதினார். அங்கே கொல்லப்பட்ட அண்ணனின் ரத்தச் சட்டை வீட்டில் தொங்குகிறது. கறை மஞ்சளிக்கும்போது காலம் நெருங்கிவிட்டதென்று பொருள். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்தாளி கொல்லப்பட்டதில் தொடங்கிய கணக்கில் நாற்பத்து நான்கு கல்லறைகள். கியோர்க் என்ற இளைஞனுக்குக் கொல்ல விருப்பமில்லை. அவனைத் துப்பாக்கியோடு அனுப்புபவர் தந்தை. அதற்குப் பதிலாக மகன் சாவான் என்று தெரிந்தே அனுப்புகிறார். வெரோனாவில் தந்தையர் செய்யாமல் விட்டதால் பிள்ளைகள் சாகிறார்கள். இங்கே தந்தை செய்வதால் சாகிறான். ஆனால் கதரேயின் மலைகளில் பகையை நிறுத்தும் தந்தையை ஊர் கோழை என்று ஒதுக்கும், காப்பியில் தோட்டா போட்டுத் தரும். காப்யுலெட்டுக்கு அப்படிப்பட்ட நெருக்கடி எதுவும் இல்லை. ஊரும் இளவரசரும் அவர் நிறுத்த வேண்டும் என்றே விரும்பினார்கள்.

நவீன மறுஆக்கங்கள் பெற்றோரை விட்டு விலகியே போயிருக்கின்றன. 1957இல் அரங்கேறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் பெற்றோர் கிட்டத்தட்ட மேடைக்கே வருவதில்லை, நியூயார்க் தெருவும் இனவெறுப்பும் அவர்கள் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. இந்தியப் பார்வையாளருக்கு நெருக்கமானது 1988இல் வந்த ‘கயாமத் சே கயாமத் தக்’. அது பகைக்குக் காரணம் வைத்தது: கைவிடப்பட்ட கர்ப்பிணிப் பெண்ணின் தற்கொலை, அதற்கு நடந்த கொலை. மகளின் காதலனைக் கொல்லத் தந்தை ஏவிய ஆட்களின் குண்டு மகள்மீதே பாய்கிறது. தந்தையர் இருவரும் ஓடிவந்து சேரும்போது நேரம் கடந்துவிட்டது. வெகுசன சினிமாதான், ஆனாலும் ஏவிய கை யாருடையது என்பதில் அது குழப்பிக்கொள்ளவில்லை. தமிழில் எல்லிஸ் ஆர். டங்கன் 1937இல் எடுத்த ‘அம்பிகாபதி’யின் காதல் காட்சிகள் ஹாலிவுட்டின் ‘ரோமியோ ஜூலியட்’ படத்தைப் பார்த்து அமைந்தவை. மாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது அந்தப் படம், பகையை எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லறைக் காட்சியில் கை கொடுத்தபின் நடப்பதையும் பார்க்க வேண்டும். மாண்டேக் ஜூலியட்டுக்குத் தங்கச் சிலை வைப்பதாகச் சொல்கிறார். உடனே காப்யுலெட், ரோமியோவுக்கும் அதே அளவு சிறப்பாக வைப்பேன் என்கிறார். சமாதானத்திலும் போட்டி விடவில்லை என்று சில விமர்சகர்கள் இதைக் கடுமையாக வாசித்திருக்கிறார்கள். பிள்ளையை இழந்த இருவர் கையில் வேறு எதுவும் இல்லாமல் பணத்தை நீட்டுகிறார்கள் என்றும் வாசிக்கலாம். மேடையில் இரண்டும் பார்த்திருக்கிறேன், இரண்டும் பொருந்துகின்றன.

தண்டனை மட்டும் பாக்கி. முதல் காட்சியில் இரு குடும்பத் தலைவர்களின் உயிருக்கே கெடு வைத்த இளவரசர், மெர்குஷியோவும் டிபால்ட்டும் செத்த பிறகு அதை அபராதமாகக் குறைத்துவிட்டார். கடைசிக் காட்சியில், பகையைக் கண்டும் காணாமல் விட்டதால் தானும் உறவினர் இருவரை இழந்ததாக ஒப்புக்கொள்கிறார். தவறை வாய்விட்டுத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் ஆட்சியாளர் என்ற வகையில் தந்தையரைவிட ஒரு படி மேல். சிலர் மன்னிக்கப்படுவார்கள், சிலர் தண்டிக்கப்படுவார்கள் என்று சொல்லி எல்லோரையும் அழைத்துப் போகிறார். யார் யார் என்று ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. ப்ரூக் சொல்லியிருக்கிறார். திருமணத்தை மறைத்ததற்காகச் செவிலி நாடுகடத்தப்படுகிறாள். நஞ்சு விற்ற வறிய மருந்துக் கடைக்காரன் தூக்கிலேறுகிறான். துறவி விடுவிக்கப்பட்டு, நகரை விட்டு ஒதுங்கித் தனிமையில் எஞ்சிய நாளைக் கழிக்கிறார். பசிக்காக நஞ்சு விற்றவனுக்குக் கயிறு கிடைத்த அந்தத் தீர்ப்பில் தந்தையர் இருவர் பெயரும் இல்லை.